இரண்டாம் முறை சிக்கினால் இரட்டிப்பு!

கள்ளத் துப்பாக்கியோடு மறுபடியும் பிடிபடுபவருக்கு இரு மடங்கு தண்டனை என்கிறது சட்டம். அந்தத் தண்டனை உரியவரைப் போய்ச் சேர்வது ஏன் இத்தனை கடினம்?

தைப்பூசத்து விடியற்காலை. வடலூர் சத்திய ஞான சபையைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தலைகள். மணி ஆறானதும் கறுப்புத் திரை விலகுகிறது. அடுத்தடுத்து நீலம், பச்சை என்று ஏழு திரைகளும் விலக, கூட்டம் ஒரே குரலில் முழங்குகிறது. பக்கத்தில் தருமசாலையில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. ஊரில் கறிக்கடையும் இல்லை, மதுக்கடையும் இல்லை, எல்லாம் பூட்டு. சபைக்குள் நுழைய ஒரே தகுதிதான்: கொலையையும் புலாலையும் விட்டவராக இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், கயிறு பிடித்து நிற்கும் காவலர்களில் சிலரின் தோளில் துப்பாக்கி தொங்குகிறது.

உயிர்க்கொலை கூடாது என்பதையே நுழைவுச் சீட்டாக வைத்த இந்த ஊரின் நால்ரோட்டிலிருந்து கடலூர், விருத்தாசலம், பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு என்று நான்கு பக்கமும் பஸ் பிரிகிறது. 'நாட்டுத் துப்பாக்கியுடன் இருவர் கைது' என்று பேப்பரில் சேதி வந்தால், டீக்கடை பெஞ்சில் முதலில் விழும் கேள்வி ஒன்றுதான்: "இவன் மேலதான் ஏற்கெனவே கேஸ் இருக்கே, எப்படி வெளிய சுத்திக்கிட்டு இருந்தான்?"

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் ஒரு பதிலும் நடைமுறையில் வேறொரு பதிலும் இருக்கின்றன.

ஒரே வாக்கியத்தில் ஒரு பிரிவு

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை கிடையாது; அரசு தரும் அனுமதி. 2023 பிப்ரவரியில் உத்தரப் பிரதேச வழக்கொன்றை விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எம்.ஜோசப், பி.வி.நாகரத்னா அமர்வு, அமெரிக்காவைப் போல ஆயுதம் ஏந்தும் உரிமையை நம் அரசியல் சாசனம் யாருக்கும் தரவில்லை என்று சுட்டிக்காட்டியது. உரிமம் இல்லாத துப்பாக்கிகளின் பெருக்கத்தைத் தானாக முன்வந்து விசாரிக்கவும் தொடங்கியது.

1878-ல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்துக்குப் பதிலாக, சுதந்திர இந்தியா 1959-ல் தன் ஆயுதச் சட்டத்தை இயற்றியது. அதன் 31-வது பிரிவு ஒரே வாக்கியம்: இந்தச் சட்டத்தின்கீழ் ஒருமுறை தண்டிக்கப்பட்டவர், இதே சட்டத்தின்கீழ் மறுபடி தண்டிக்கப்பட்டால், பிந்தைய குற்றத்துக்கு உரிய தண்டனை இரு மடங்காகும். எத்தனை ஆண்டுகள் கழித்துச் சிக்கினாலும் சரி. முதல் குற்றம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி.

2019 டிசம்பரில் நாடாளுமன்றம் தண்டனைகளைக் கூட்டியபோதும் 31-வது பிரிவு அப்படியே நின்றது. ஆனால் அது எதை இரட்டிப்பாக்குகிறதோ, அந்த அடிப்படைத் தண்டனை ஏறிவிட்டது. உரிமம் இல்லாத சாதாரணத் துப்பாக்கி ஒன்றுக்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. பிரிவின் எழுத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், இரண்டாம் முறை அது 4 முதல் 10 ஆண்டு.

■ பெட்டிச் செய்தி: 2019-க்கு முன்னும் பின்னும்

• உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தல்: முன்பு 1 முதல் 3 ஆண்டு, இப்போது 2 முதல் 5 ஆண்டு, அபராதம். தகுந்த சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் எழுதினால் நீதிபதி 2 ஆண்டுக்குக் கீழேயும் இறங்கலாம்.
• தடை செய்யப்பட்ட ரகம் (தானியங்கித் துப்பாக்கி போன்றவை) வைத்திருத்தல்: முன்பு 5 முதல் 10 ஆண்டு, இப்போது 7 முதல் 14 ஆண்டு.
• கள்ளத்தனமாகத் தயாரித்தல், விற்றல்: முன்பு 3 முதல் 7 ஆண்டு, இப்போது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை.
• போலீஸ், ராணுவத்திடமிருந்து துப்பாக்கியைப் பறித்தல்: 10 ஆண்டு முதல் ஆயுள் வரை (2019-ல் புதிதாகச் சேர்ந்தது).
• கல்யாணம், திருவிழாக்களில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டமாகச் சுடுதல்: 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் (புதிது).
• ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய உரிமத் துப்பாக்கிகள்: முன்பு 3, இப்போது 2.

இரண்டு துப்பாக்கிகள், இரண்டு உலகங்கள்

தமிழ்நாட்டில் 'கள்ளத் துப்பாக்கி' என்றால் இரண்டு வேறு பொருட்கள். ஒன்று, வடமாநிலப் பட்டறைகளில் உருவாகி, கைமாறிக் கைமாறி ரயிலேறி வரும் கைத்துப்பாக்கி. பீகாரின் முங்கேர் இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர். இடுப்பில் செருகிக்கொள்ளலாம், குறி மனிதன்தான். 2020 ஜனவரி 8-ம் தேதி இரவு, களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் சென்னை சவுகார்பேட்டையில் ஒரே குடும்பத்தில் 3 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரிவாளும் நாட்டு வெடிகுண்டும் பழகிப்போன தமிழ்நாட்டுப் போலீஸை உலுக்கிய ஆண்டு அது.

இன்னொன்று, ஆள் உயரத்துக்கு இருக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. குழல் வாய் வழியாகக் கருமருந்தையும் பால்ரஸ் குண்டுகளையும் இட்டு நிரப்பி, ஒருமுறை சுட்டால் மறுபடி நிரப்ப வேண்டிய பழைய ரகம். போலீஸ் பதிவேட்டில் இதன் பெயர் 'எஸ்.பி.எம்.எல்.' ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, தருமபுரி, கிருஷ்ணகிரிக் காட்டோரங்களில் இது வேட்டைக்கும் பயிர்க் காவலுக்குமான கருவியாகவே தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறது. அந்தக் கல்வராயன் மலையும் 1993 வரை கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. சமவெளிக்கு வந்தால் முந்திரிக்காட்டு முயல்களும் ஏரிப் பறவைகளும் இதன் இலக்கு.

பிரிவு 31 இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறது. இரண்டுமே உரிமம் இல்லாத துப்பாக்கி. இரண்டுக்குமே இரண்டாம் முறை இரட்டிப்பு.

கேஸ் கணக்கு வேறு, தண்டனைக் கணக்கு வேறு

டீக்கடைக் கேள்விக்கு வருவோம். 'அவன் மேல் 11 கேஸ்' என்கிறது போலீஸ் செய்திக்குறிப்பு. ஆனால் பிரிவு 31 எண்ணுவது கேஸ்களை அல்ல; தீர்ப்புகளை. ஸ்டேஷனில் சரித்திரப் பதிவேடு திறந்திருக்கலாம். ரவுடி பட்டியலில் பெயர் ஏறியிருக்கலாம். மூன்று துப்பாக்கி வழக்குகள் மூன்று கோர்ட்டில் நிலுவையில் இருக்கலாம். அவற்றில் ஒன்றாவது தண்டனையில் முடியாதவரை, சட்டத்தின் கண்ணில் அவர் முதல்முறைக் குற்றவாளிதான்.

அந்த முதல் தண்டனைக்குப் போகும் பாதையில் எத்தனை கதவுகள் என்று பார்ப்போம்.

முதல் கதவு, கலெக்டர் ஆபீஸ். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்கு வழக்கு நடத்த, மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற முறையில் கலெக்டரின் முன்அனுமதி வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 39-வது பிரிவு. கோப்பு அங்கே தங்கினால் வழக்கும் தங்கும். அனுமதி இல்லாமலே வழக்கு நடந்திருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தட்டுவது அந்த ஓட்டையைத்தான்.

இரண்டாவது கதவு, நிபுணர் அறிக்கை. பிடிபட்ட இரும்புக்குழாய் சுடக்கூடிய துப்பாக்கிதானா என்பதை ஆயுத நிபுணரோ தடய அறிவியல் துறையோ சொல்ல வேண்டும். துருப்பிடித்து, குதிரை உடைந்து, வெறும் குழாயாகக் கிடந்தால் வழக்கு அங்கேயே தள்ளாடும்.

மூன்றாவது கதவு, சாட்சி. துப்பாக்கியைக் கைப்பற்றியபோது மகஜரில் கையெழுத்துப் போட்டவர் சில ஆண்டுகள் கழித்துக் கூண்டில் ஏறி, 'ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு வெத்துத்தாள்ல கையெழுத்து வாங்கினாங்க' என்று சொல்லிவிட்டால் அரசுத் தரப்பின் மிச்சம் போலீஸ்காரர்களின் சாட்சியம் மட்டுமே.

நான்காவது, அறிந்து வைத்திருந்தாரா என்ற கேள்வி. துப்பாக்கி தன் வசம் இருப்பது தெரிந்தே ஒருவர் வைத்திருந்தார் என்று நிரூபிக்க வேண்டும் என்பதை 1972-ல் குன்வந்த்லால் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நாலு பேர் குடியிருக்கும் வீட்டுப் பரணில் கிடந்த துப்பாக்கி யாருடையது?

இத்தனையும் கடந்து ஒரு தண்டனை வந்துவிட்டது. பிறகு அதே ஆள் மறுபடி சிக்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இரட்டிப்பு தானாக வந்துவிடாது. முந்தைய தண்டனையின் தேதியையும் கோர்ட்டையும் குற்றச்சாட்டில் எழுத வேண்டும். விட்டுப்போயிருந்தால் தண்டனை அறிவிக்கும் முன் சேர்த்துவிடலாம். அதற்கும் யாராவது ஞாபகப்படுத்த வேண்டும். பழைய தீர்ப்பின் சான்றிட்ட நகலோ சிறை அதிகாரியின் சான்றோ வேண்டும். அன்று தண்டிக்கப்பட்டவரும் இன்று கூண்டில் நிற்பவரும் ஒரே ஆள்தான் என்பதற்கும் சாட்சியம் வேண்டும். முதல் வழக்கு திருவண்ணாமலையிலும் இரண்டாவது சிதம்பரத்திலும் நடந்தால், அந்தக் காகிதத்தைத் தேடிப் போவது ஒரு தலைமைக் காவலரின் தலையில்தான் விழும்.

கடைசியாக ஒரு விநோதம். 5 ஆண்டு வரை தண்டனை உள்ள இந்த வழக்கை விசாரிப்பவர் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர். அவரால் தரக்கூடிய சிறைத் தண்டனை 3 ஆண்டு வரைதான். குறைந்தபட்சமே 4 ஆண்டு என்று ஆகிவிட்டால், வழக்கை அவர் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும். அவரது எல்லை 7 ஆண்டு. புத்தகத்தில் இருக்கும் 10 ஆண்டைத் தொட வேண்டுமானால் செஷன்ஸ் கோர்ட்டுக்கே போக வேண்டும். முந்தைய தண்டனையைப் பற்றி யாருமே வாய்திறக்காவிட்டால், வழக்கு இரண்டு ஆண்டுத் தண்டனையோடு சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

தீர்ப்புக்கு முன்பே சிறை

தண்டனை தாமதமாகும் இடத்தில் வேறு வழிகள் முளைக்கின்றன. அவற்றில் பெரியது, எல்லோரும் 'குண்டாஸ்' என்று சொல்லும் 1982-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தடுப்புக் காவல் சட்டம். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்திட்டால் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை. அறிவுரைக் குழு பார்க்கும். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். கடலூர் கேப்பர் மலையில் இருக்கும் மத்தியச் சிறையில் கணவனையோ மகனையோ பார்க்க மனுப்போட்டுக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு, தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி, 'குண்டாஸ்' கைதி என்ற வித்தியாசமெல்லாம் சட்டப் புத்தகத்தில்தான்.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டங்களும் இதே திசையில் நடக்கின்றன. முதல்முறை சிக்கிய விசாரணைக் கைதி, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைக் கழித்தால் ஜாமீனில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். ஒருவர்மேல் பல வழக்குகள் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகையே கிடையாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-வது பிரிவு ஆயுதக் கடத்தலையும் 'அமைப்பு சார்ந்த குற்றம்' என்ற வளையத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. கும்பலாகச் செயல்படுபவர்மேல் 10 ஆண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகளைக் கோர்ட் ஏற்றிருந்தால் அது பாயும். குறைந்தபட்சம் 5 ஆண்டு சிறை, 5 லட்சம் ரூபாய் அபராதம்.

ஆக, ஆயுதச் சட்டம் முந்தைய தீர்ப்பைக் கேட்கிறது; புதிய சட்டங்களுக்கு முந்தைய வழக்குகளே போதும். தண்டனையின் எடை தீர்ப்பு நாளிலிருந்து கைது நாளுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. உண்மையான கூலிப்படைக்காரனை இது சில மாதம் முடக்கும். பொய் வழக்கில் சிக்கியவனையும் அதே அளவு முடக்கும்.

■ பெட்டிச் செய்தி: குண்டு விழுந்த தூரம் வரை கம்பெனிக்கு!

துப்பாக்கிச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே கடலூரின் எல்லையைப் பீரங்கி தீர்மானித்தது. 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள நிலமும் சேர்த்தே விற்பனையானது. கம்பெனி தன் பெரிய பீரங்கியைத் தேர்ந்தெடுத்து நாலாபக்கமும் சுட்டது. குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்டவை 'குண்டு கிராமங்கள்' ஆயின. அதுவே செயின்ட் டேவிட் கோட்டை.

ஏரிக்கரையில் சிக்குபவர்

இரட்டிப்புத் தண்டனை யார்மேல் முதலில் விழும் என்று யோசித்தால் நியாயத்தின் முடிச்சு தெரியும். கூலிப்படையில் துப்பாக்கி கைமாறும். வழக்கு நடத்த வக்கீல் இருப்பார். சாட்சியை 'கவனிக்க' ஆள் இருக்கும். வீராணம், பெருமாள் ஏரிப் பக்கம் கொக்கு, நாரை சுடப்போய்ச் சிக்குபவருக்கு அந்த வசதி எதுவும் இல்லை. துப்பாக்கி அவருடைய கையிலேயே இருக்கும். சீக்கிரம் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டும் விடுவார். அந்த ஒப்புதல்தான் பத்து வருடம் கழித்து அவர் கழுத்தை இறுக்கப்போகும் 'முந்தைய தண்டனை'.

அவருக்கு இன்னொரு சட்டமும் காத்திருக்கிறது. உயர்பாதுகாப்புப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வேட்டையாடினால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரண்டாம் முறைக்குத் தனியே 3 முதல் 7 ஆண்டு சிறை விதிக்கிறது. அந்தச் சட்டத்தின் வேட்டைக் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு 5 ஆண்டு துப்பாக்கி உரிமம் கிடையாது என்றும் கோர்ட் உத்தரவிடலாம்.

காட்டுப்பன்றி நிலத்தைக் கிளறிப் போடும் விவசாயியின் நிலையும் இதிலிருந்து தூரமில்லை. பயிர்க் காவலுக்கு வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் தர ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவே வழிவிடுகிறது. உரிமத்துக்கு விண்ணப்பம், போலீஸ் விசாரணை, புதுப்பித்தல் என்று அலையும் அலைச்சலில் பலர் அந்த வழியை நாடுவதில்லை. தாத்தா பெயரில் இருந்த உரிமம் தாத்தாவோடு போய்விட, துப்பாக்கி மட்டும் வீட்டில் தங்கிவிட்டால், அந்த வீட்டில் யாரும் எதுவும் செய்யாமலே ஒரு குற்றம் உட்கார்ந்திருக்கிறது.

'பழக்கக் குற்றவாளி' என்ற முத்திரைக்கு இந்த மண்ணில் கசப்பான வரலாறும் உண்டு. 1871-ல் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டங்கள் பிறப்பை வைத்தே மனிதர்களைக் குற்றவாளி ஆக்கின. அதற்கான செட்டில்மென்ட் ஒன்று தென்னாற்காட்டின் அஜீஸ் நகரில் இருந்தது. அந்தச் சட்டம் போன கையோடு 1948-ல் சென்னை மாகாணத்தில் பழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சீர்மரபினரைச் சிறை விதிகள் பழக்கக் குற்றவாளிகளாகப் பார்ப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2024 அக்டோபர் வரை ஆயிற்று. சந்தேகத்தின் பேரில் அடிக்கடி பிடிக்கப்படும் சமூகங்களில், மறுபடி சிக்கியவர் என்பதும் மறுபடி குற்றம் செய்தவர் என்பதும் எப்போதும் ஒன்றல்ல.

■ பெட்டிச் செய்தி: வீட்டில் பழைய துப்பாக்கி இருக்கிறதா?

• உரிமம் காலாவதியானாலோ, உரிமம் பெற்றவர் இறந்துவிட்டாலோ, துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் (பிரிவு 21).
• வாரிசுகள் தங்கள் பெயரில் உரிமம் கோரி விண்ணப்பிக்கலாம். உரிமம் கிடைக்கும்வரை துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது.
• வன்முறைக் குற்றத்தில் சிறைத் தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து 5 ஆண்டு வரை துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாது (பிரிவு 9).
• துப்பாக்கி இல்லாமல் தோட்டா மட்டும் இருந்தாலும் உரிமம் வேண்டும்.

கடுமையைச் சோதித்த நாடுகள்

அமெரிக்கா 1984-ல் ஒரு சட்டம் போட்டது. வன்முறை அல்லது போதைப்பொருள் குற்றங்களில் மூன்று முறை தண்டிக்கப்பட்டவர் துப்பாக்கியோடு சிக்கினால் குறைந்தது 15 ஆண்டு. எது 'வன்முறைக் குற்றம்' என்பதில் ஆண்டுக்கணக்காகக் கோர்ட்டுகள் குழம்பி, 2015-ல் அதன் ஒரு பகுதியைத் தெளிவில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே நீக்கியது.

தமிழர்கள் நிறைந்த கனடாவின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கம். தோட்டா நிரப்பிய தடைசெய்யப்பட்ட துப்பாக்கி வைத்திருந்தால் முதல்முறை குறைந்தது 3 ஆண்டு, மறுமுறை 5 ஆண்டு என்றிருந்தது சட்டம். 2015 ஏப்ரலில் நூர், சார்ல்ஸ் என்ற இருவரின் வழக்குகளில் கனடா உச்ச நீதிமன்றம் இரண்டு குறைந்தபட்சங்களையும் ரத்து செய்தது. உரிமம் வைத்திருந்தும் துப்பாக்கியைத் தவறான இடத்தில் வைத்துவிட்டவரைக்கூட இந்த வலை பிடிக்கும் என்பது காரணம். ஆனால் அந்த இருவருடைய தண்டனையையும் கோர்ட் குறைக்கவில்லை. அவர்கள் செய்ததற்கு அது தகும் என்றது. கடுமை வேண்டும் இடத்தில் நீதிபதி கடுமையாக இருக்க, கட்டாயக் குறைந்தபட்சம் தேவைப்படவில்லை.

நம் நாட்டிலும் 2012-ல் தல்பீர் சிங் வழக்கில், ஆயுதச் சட்டத்திலிருந்த கட்டாய மரண தண்டனைப் பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நடிகர் சஞ்சய் தத்துக்கு 2013-ல் உச்ச நீதிமன்றம் விதித்த 5 ஆண்டு, தடைசெய்யப்பட்ட ஆயுதத்துக்கு அன்றைய சட்டம் அனுமதித்த குறைந்தபட்சம். அதே குற்றம் இன்று நடந்தால் 7 ஆண்டிலிருந்துதான் தொடங்கும்.

என்ன செய்யலாம்?

தண்டனையின் அளவை இன்னும் ஏற்றுவதால் நடக்கப்போவது குறைவு. 2 ஆண்டு 4 ஆண்டாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத் துப்பாக்கியைக் கீழே வைப்பவன் எவனும் இல்லை; சிக்கினால் தப்ப முடியாது என்று தெரிந்தால் வைப்பான்.

அதற்குச் சட்டத் திருத்தமே வேண்டாம். கலெக்டர் ஆபீஸில் துப்பாக்கி வழக்கு அனுமதிக் கோப்புகளுக்கு நாள் கெடு வைக்கலாம். எந்த மாவட்டத்தில் ஆயுதச் சட்டத் தண்டனை விழுந்தாலும் அது கைரேகையோடு கணினியில் ஏறி, அடுத்த முறை எஃப்.ஐ.ஆர். போடும் எழுத்தரின் திரையிலேயே தெரியும்படி செய்யலாம். குற்றச்சாட்டு வனையும் நாளில் முந்தைய தண்டனை உண்டா என்று சொல்ல வேண்டிய பொறுப்பை அரசு வக்கீலுக்குத் தரலாம்.

மறுபக்கம், வேட்டைத் துப்பாக்கிக்கும் கொலைத் துப்பாக்கிக்கும் நடுவே கோடு போட வேண்டும். மலைக் கிராமங்களில் போலீஸ் அறிவிப்புக் கொடுத்ததும் நாட்டுத் துப்பாக்கிகளை ஊர் எல்லையில் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் பல மாவட்டங்களில் பலன் தந்திருக்கிறது. யார் வைத்தது என்று கேட்பதில்லை. பண்ருட்டி, விருத்தாசலம் முந்திரிப் பகுதிகளிலும் காட்டுமன்னார்கோவில், குறிஞ்சிப்பாடி ஏரியோரங்களிலும் அப்படி ஒரு தவணையை அறிவிப்பதில் அரசுக்குச் செலவு எதுவுமில்லை. பயிர்க் காவல் உரிமத்தைத் தாலுகா அளவில் முகாம் போட்டுக் கொடுத்தால் விவசாயி கள்ளப் பட்டறையைத் தேடிப் போக மாட்டார்.

தவணை முடிந்த பிறகும் துப்பாக்கி வைத்திருந்து, முதல் தண்டனைக்குப் பிறகும் வைத்திருந்து, மறுபடி சிக்குபவருக்கு 31-வது பிரிவு முழு வேகத்தில் பாயட்டும். அப்போது அதைக் கொடுமை என்று யாரும் சொல்லப்போவதில்லை. இன்றைய நிலையிலோ, சாட்சியை விலைக்கு வாங்கத் தெரிந்தவன் ஆயுள் முழுக்க முதல்முறைக் குற்றவாளியாகவே இருக்கிறான். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஏழை இரண்டாம் முறைக்காரன் ஆகிவிடுகிறான். இரட்டிப்பாக்க வேண்டியது தண்டனையை அல்ல, முதல் வழக்கை ஒழுங்காக நடத்தி முடிக்கும் அக்கறையை.